வெல்டு வைத்த பல்

உத்தமபாளையம்
20 ஜூன் 2024

அன்புள்ள அண்ணனுக்கு, தம்பி ஷானவாஸ் சலாம் சொல்லி எழுதுவது.

மதினியும் சானியாவும் நானும் சுகம். உங்கள் முழங்கால் வலிக்கு ஜெயில் ஆஸ்பத்திரி மாத்திரை கேட்கிறதா? பெருநாள் தொழுகை அங்கே எப்படி நடந்தது என்று மதினி கேட்கச் சொன்னது. இங்கே பக்கத்து வீட்டில் தந்த குர்பானிக் கறியில் உங்கள் பங்கு என்று ஒரு கிண்ணம் எடுத்து வைத்தது. சாயங்காலம் வரை யாரையும் தொட விடவில்லை. பிறகு சானியாவுக்கே கொடுத்துவிட்டது.

ஒரு சேதி. ஜீப் வேலையை விட்டுவிட்டேன். ஏலத்தோட்டத்துப் பெண்களை அடைத்து ஏற்றிக்கொண்டு கம்பம் மெட்டு ஏறி இறங்குவது போதும் என்று ஆகிவிட்டது. ஒரு ரிசார்ட்டில் போட் ஓட்டுகிறேன். நீங்கள் ஓட்டிய மாதிரி போட்தான். எஞ்சின் உள்ளே இருக்கும், புரொப்பல்லர் மாட்டிய கால் மட்டும் பின்னால் தண்ணீரில் தொங்கும். அந்தக் காலை முன்பே ஒருமுறை பிரித்துக் கோத்தார்களாம். ஆனால் கியர் போட்டால் இரும்புக்கடையில் லோடு இறக்குகிற மாதிரி சத்தம். நேற்று ஒரு டூரிஸ்ட் அம்மா பயந்துபோய், "என்னங்க, ஒடஞ்சிருச்சா?" என்றார். "இல்லம்மா, பெரிய மீனு, இடிச்சிட்டுப் போகுது" என்றேன். நம்பிவிட்டார்.

ஜெயில் போனில் கிடைக்கும் சில நிமிஷம் சானியாவுக்கே போதவில்லை. மேலே சிக்னலும் கிடையாது. வாரத்தில் ஒருநாள்தான் வீட்டுக்கு இறங்குகிறேன். எங்கே கோளாறு இருக்கும் என்று எழுதுங்கள்.

உங்கள் துஆவை நாடும்,
ஷானவாஸ்


மதுரை மத்திய சிறை
28 ஜூன் 2024

தம்பி ஷானவாஸுக்கு, அண்ணன் பக்கீர் முகம்மது. அலைக்கும் சலாம்.

முழங்கால் அப்படியே இருக்கிறது. மாத்திரை ஒன்றுதான், தலைவலிக்கும் அதையே தருகிறார்கள். பெருநாள் தொழுகை நடந்தது. பிரியாணி என்று ஒன்று கொடுத்தார்கள்.

சத்தம் பற்றி எழுதினாய். மூன்று விஷயம் பார்.

முதலில் உன் கை. உனக்கு இருப்பது ஜீப் கை. மெட்டு ஏறும்போது கியரை நைசாக, பல்லுக்கு வலிக்காமல் உள்ளே தள்ளிப் பழகியவன் நீ. போட்டில் அந்த நைஸ் வேலைக்கு ஆகாது. அங்கே கிளட்ச் பெடல் கிடையாது. காலுக்குள் முன்னால் போக ஒரு பல்சக்கரம், பின்னால் போக ஒரு பல்சக்கரம். நடுவில் ஒரு கிளட்ச் கட்டை, அதற்கு இரண்டு முகத்திலும் மூன்று மூன்று பல். லீவரைத் தள்ளினால் அந்தக் கட்டை நகர்ந்துபோய் ஓடுகிற சக்கரத்தைக் கவ்வ வேண்டும். மெதுவாகத் தள்ளினால் கவ்வாது, பல்லோடு பல் இடித்துக்கொண்டே இருக்கும். அதனால் ஒரே தள்ளு. நம் ஊரில் இருந்து போட்டுக்குப் போகிற எல்லா ஜீப்காரனும் செய்கிற தப்பு இது. நானும் செய்திருக்கிறேன்.

இரண்டாவது, ஐடில், கியர் போடாமல் எஞ்சின் சும்மா ஓடுகிற வேகம். எஞ்சின் அணைந்துவிடக் கூடாது என்று ஏற்றி வைத்திருப்பாய். அதுவும் ஜீப் புத்திதான். நிமிஷத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் ஓடினால் எந்தக் கியரும் அடிக்கும். அறுநூற்றைம்பதுக்கு இறக்கு.

மூன்றாவது, உன் காது. சத்தம் கியர் விழும்போதா, கழலும்போதா? முன்னாலா, பின்னாலா? எப்படிக் கேட்கிறதோ அப்படியே எழுது.

மேலே சிக்னல் இல்லை என்று எழுதியிருக்கிறாய். எந்த மேலே?

மனுப் போட்டு என்னைப் பார்க்க எப்போது வருவாய்? மதினியைத் தனியாக அனுப்பாதே. மணிக்கணக்கில் வெயிலில் நிற்க வைக்கிறார்கள்.

பக்கீர் முகம்மது


உத்தமபாளையம்
14 ஜூலை 2024

அண்ணனுக்கு ஷானவாஸின் சலாம்.

வீட்டில் எல்லோரும் சுகம். உங்கள் சுகத்துக்குத் தினமும் துஆ கேட்கிறோம். முதல் போகத்துக்குத் தண்ணீர் வந்துவிட்டது, ஊரே வயலில் நிற்கிறது.

நீங்கள் சொன்னபடி செய்தேன். ஐடிலை இறக்கினேன். ஒரே தள்ளாகத் தள்ளினேன். பாதிச் சத்தம் போய்விட்டது. கூட இருக்கும் முத்துராஜா, "என்ன மாப்ள, ஜெயில்ல இருந்தே ரிமோட்டுல ரிப்பேர் பண்றாகளா ஒங்கண்ணன்?" என்று கேட்டான். டிக்கெட் கிழிக்கிற பையன்தான், ஆனால் வாய் நீளம்.

மீதிப் பாதி போகவில்லை. ரிவர்ஸ் சுத்தமாக விழுகிறது. பார்வர்டு போடும்போதுதான் சத்தம். எஞ்சின் சூடான பிறகு வேண்டுமென்றே மெதுவாகத் தள்ளிக் கேட்டுப் பார்த்தேன். டக், டக், டொக். டக், டக், டொக். இரண்டு தட்டு கூர்மையாக, மூன்றாவது கட்டையாக. இன்னொன்று, பார்வர்டில் இருந்து நியூட்ரலுக்கு வர லீவர் முரண்டு பிடிக்கிறது. ஒரு முறை படித்துறையை நெருங்கும்போது கொஞ்சம் பயந்துபோனேன்.

இந்த மாதம் லீவு தர மாட்டேன் என்கிறார்கள். அதனால் மனுவுக்கு வர முடியவில்லை.

ஷானவாஸ்


மதுரை மத்திய சிறை
20 ஜூலை 2024

தம்பிக்கு சலாம். எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

இனிமேல் நான் சொல்லாமல் லீவரை மெதுவாகத் தள்ளிப் பார்க்காதே.

கரையில் கட்டிவைத்து எஞ்சினை அணை. எஞ்சின் பக்கம் லீவர் கேபிளைக் கழற்று. முத்துராஜாவைப் பின்னால் உட்கார வைத்து புரொப்பல்லரைக் கையால் சுற்றச் சொல். கேபிள் மாட்டியிருந்த முனையை நீ கையால் தள்ளு. சுலபமாக விழுந்தால் கோளாறு கேபிளில். அப்போதும் இடித்தால் கோளாறு காலுக்குள். அடுத்து, காலின் அடியில் ஆயில் இறக்கும் திருகைக் கழற்றிப் பார். அதன் முனையில் காந்தம் இருக்கும். சாம்பல் மாதிரிப் பொடி ஒட்டியிருந்தால் பரவாயில்லை. செதில் இருந்தால் உள்ளே இரும்பு உடைகிறது என்று அர்த்தம்.

அப்படியே இன்னொன்றும் பார். புரொப்பல்லருக்குக் கீழே துடுப்பு மாதிரி ஒரு தகடு தொங்கும். அதன் பின்முனையில் கட்டை விரல் அளவுக்கு ஒரு துண்டு இல்லாமல் இருக்கிறதா? மரக்கட்டையில் இடித்து உடைந்த மாதிரி?

இதற்குப் பதில் எழுது. உனக்குச் சம்பளம் தருகிறவர் பெயரையும் எழுது.

பக்கீர் முகம்மது


உத்தமபாளையம்
2 செப்டம்பர் 2024

அண்ணனுக்கு சலாம்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபிக்க வேண்டாம். எனக்குக் காய்ச்சல். இப்போது சுகம். சானியாவுக்கு நர்ஸிங் காலேஜில் இடம் கிடைத்துவிட்டது, தேனியில். ஹாஸ்டலும் சேர்த்து. வெள்ளைக் கோட் தைத்துப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னாலேயே நிற்கிறாள். "அத்தா முழங்காலுக்கு இனி நானே ஊசி போடுவேன், அவுக கத்தக் கூடாது" என்கிறாள். நீங்கள் பார்க்க வேண்டும்.

கேபிளைக் கழற்றிப் பார்த்தோம். கையால் தள்ளினாலும் பார்வர்டில் இடிக்கிறது. கேபிளும் இறுக்கம்தான். காந்தத்தில் செதில் இருந்தது, நகம் வெட்டிப் போட்ட மாதிரி. தீபாவளிக் கூட்டம் முடிந்ததும் காலைப் பிரித்துப் பார்க்கலாம் என்று இங்கே பேச்சு. அதுவரை பார்த்து ஓட்டுகிறேன்.

மழை வந்தால் முழங்காலை மூடி வைத்துக்கொள்ளுங்கள்.

ஷானவாஸ்


மதுரை மத்திய சிறை
9 செப்டம்பர் 2024

ஷானவாஸுக்கு.

சானியாவுக்கு இடம் கிடைத்தது சந்தோஷம். ஹாஸ்டலோடு நர்ஸிங் படிக்க வைக்க போட் ஓட்டுகிறவன் சம்பளம் போதாது.

இரண்டு கேள்வி கேட்டேன். இரண்டுக்கும் பதில் இல்லை. பதில் வராததே எனக்குப் பதில்.

நான் கோர்ட்டில் பேசியபோது நீ பின்வரிசையில் நின்றாய். நினைவிருக்கிறதா? சின்னமனூரில் இருந்து மலை ஏறினால் வருகிற எஸ்டேட் ஏரி. தங்கப்பாண்டியன் முதலாளி கொச்சியில் ஏலத்தில் எடுத்து வந்த நீல போட். கொழுந்து கிள்ளுகிற சனம் குடிக்கிற தண்ணீரில் பெட்ரோல் கலந்து ஓட விட்டார். மூன்று மாதமாக அவரிடம் சொன்னேன். "மொதலாளி, கியரு தட்டுது, பார்வர்டுல இருந்து கழல மாட்டேங்குது." அவர் சொன்னது, "ஏலே பக்கீரு, பொண்டாட்டியும்தான் சத்தம் போடுறா. அதுக்குன்னு பிரிச்சா பாக்கறோம்?" கூட இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

அன்றைக்குப் படித்துறைக்கு வரும்போது லீவர் நியூட்ரலுக்கு வந்தது, உள்ளே பல் கழலவில்லை. எஞ்சின் தள்ளிக்கொண்டே போனது. எதிரே பெடல் போட்டில் ஒரு புருஷனும் பெண்சாதியும். அந்தப் பெண் எனக்குக் கையசைத்தது. தள்ளிப் போகச் சொல்லி நான் கையாட்டியதை, வணக்கம் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டது.

சோதனைக்கு வந்த அதிகாரி எஞ்சினை ஓட்டிப் பார்த்தார், கியர் போட்டுப் பார்த்தார், கோளாறு இல்லை என்று எழுதிவிட்டுப் போனார். கியர் தட்டத் தொடங்குவதற்கு முன் காலைப் பிரித்துக் கோத்தது பிச்சைமணி பட்டறையில் என்று கோர்ட்டில் சொன்னேன். யாரும் காலைத் திறக்கச் சொல்லவில்லை. உயிர் போகும் என்று தெரிந்தே டிரைவர் தாறுமாறாக ஓட்டியது என்று தீர்ப்பு. ஐந்து வருஷம்.

கம்பத்தில் பிச்சைமணி கியர் பல்லை எப்படிச் சரி செய்வான் என்று உனக்குத் தெரியும். தேய்ந்த பல்லில் வெல்டு வைத்து, கிரைண்டரில் ராவி, பளபள என்று கொடுப்பான். புதுசு வாங்க வக்கில்லாத நம் ஜீப்புக்கு அது சரி. ஆனால் வெல்டு வைத்த பல் மற்ற இரண்டு மாதிரித் தட்டாது. டக், டக், டொக். அந்தச் சத்தத்தை எனக்கு நீ எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

அதே போட்தானே?

பக்கீர் முகம்மது


உத்தமபாளையம்
1 அக்டோபர் 2024

சானியா அத்தாவுக்கு, அம்சத் பீவி எழுதுவது. அல்லாஹ் உங்களைச் சுகமாக வைக்கட்டும்.

தம்பி எழுதாது. பேனாவை எடுத்துக்கொண்டு உட்காருகிறது, எழுந்து போய்விடுகிறது. அதனால் நான் எழுதுகிறேன்.

அதே போட்தான். வெள்ளைப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். நீங்கள் கேட்ட துண்டு அதில் இல்லையாம். தம்பி என்னிடம் சொன்னது.

நோன்பு நேரத்தில் முதலாளி வீட்டுக்கே வந்தார். பேரீச்சம்பழப் பெட்டியோடு. "ஒங்க வீட்டுக்காரரு உள்ள இருக்கறது எனக்கு மனசு கேக்கல ஆத்தா. புள்ள படிப்ப நான் பாத்துக்கிறேன். தம்பிய அனுப்பி வைங்க" என்றார். நான் கேட்டேன், "அவுக சொன்னப்பவே பிரிச்சுப் பாத்திருந்தா அவுக எதுக்கு மொதலாளி உள்ள போறாக?" அவர் பேரீச்சம்பழப் பெட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்தார். அவர் எதற்கு வந்தார் என்று எனக்குப் புரியாமல் இல்லை. உள்ளே போனவனின் சொந்தத் தம்பியே அந்த போட்டை ஓட்டினால், போட்டில் கோளாறு என்று இனி யார் சொல்வார்கள்?

புரிந்துதான் தம்பியை அனுப்பினேன். அது மாட்டேன் என்றுதான் சொன்னது. நான்தான் போகச் சொன்னேன். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றதும் நான்தான். கோபம் இருந்தால் என் மேல் காட்டுங்கள்.

நீங்கள் உண்மையைச் சொன்னீர்கள். உங்களுக்கு அங்கே மூன்று வேளை சோறு வருகிறது. எங்களுக்கு இங்கே உண்மை மட்டும்தான் வந்தது. சானியா பள்ளிக்கூடத்தில், ஆளைக் கொன்ற போட்காரன் மகள் என்று சொன்னார்கள். நீங்கள் இதைக் கேட்டதில்லை. நான் சொன்னதும் இல்லை.

கார்த்திகையில் காலைப் பிரிக்கிறார்களாம். பிச்சைமணி பட்டறையில்தான்.

அம்சத் பீவி


மதுரை மத்திய சிறை
8 அக்டோபர் 2024

தம்பி ஷானவாஸுக்கு, இதை மதினிக்கும் படித்துக் காட்டு. எல்லோருக்கும் சலாம்.

யார் மேலும் கோபம் இல்லை. இல்லை என்று எழுதத்தான் முடியும்.

வக்கீல் விஜய்பாண்டி மனுவுக்கு வந்தார். அப்பீலில் புதிதாக ஏதாவது காட்டினால்தான் உண்டு என்றார். அந்தக் கிளட்ச் கட்டையைப் பற்றிச் சொன்னேன். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "அது மட்டும் கைக்கு வரட்டும், பாய். வெல்டு எப்ப வச்சது, எதுல வச்சதுன்னு லேப்ல சொல்லிருவாக. பிச்சைமணிய நான் கூண்டுல ஏத்துறேன்" என்றார்.

பிரிக்கும்போது நீ பட்டறையில் நில். உள்ளங்கைக்குள் அடங்குகிற உருளை அது. எண்ணெயைத் துடைக்காதே, அப்படியே துணியில் சுற்று. பிரித்த காலையும் அதையும் சேர்த்துப் போட்டோ எடு. பட்டறையில் இருந்து நேராக வக்கீல் ஆபீசுக்குப் போ. வீட்டுக்குக்கூடப் போகாதே. உன் வேலை போகும். சானியா படிப்பு நிற்கும். எனக்குத் தெரியும். நான் வெளியே வந்தால் மறுநாளே ஜீப் ஓட்டுவேன். முழங்கால் போனாலும் ஓட்டுவேன். அவள் ஒரு வருஷம் தாமதமாகப் படிக்கட்டும்.

உன்னிடம் நான் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

பக்கீர் முகம்மது


உத்தமபாளையம்
22 டிசம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு, தம்பி ஷானவாஸ் சலாம் சொல்லி எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதவும். இந்த வருஷம் அடைமழை. மலைப் பாதையில் மண் சரிந்து நாங்கள் சில நாள் மேலேயே மாட்டிக்கொண்டோம். சானியா முதல் பரீட்சை நன்றாக எழுதியிருக்கிறாள்.

காலைப் பிரித்தாகிவிட்டது. முதலாளியும் வந்திருந்தார், சேர் போட்டு உட்கார்ந்துகொண்டார். உள்ளே நீங்கள் சொன்னபடியேதான் இருந்தது. கொச்சியில் இருந்து புதுக் கிளட்ச், புதுப் பல்சக்கரம் வரவழைத்துப் போட்டார்கள். மூன்று பல்லும் ஒரே மாதிரி, கண்ணாடி மாதிரி. இப்போது கியர் விழுவதே தெரியவில்லை. சத்தமே இல்லை. முத்துராஜாகூட, "என்ன மாப்ள, மீனெல்லாம் செத்துப் போச்சா?" என்கிறான்.

பழையதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். சின்னச் சாமான்தான், ஆனால் நல்ல கனம். பழைய இரும்பை எல்லாம் முதலாளி தன் கார் டிக்கியிலேயே போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார். பட்டறையில் நிறையப் பேர் இருந்தார்கள். ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஜனவரியில் இருந்து என்னை போட் சூப்பர்வைசர் என்று போட்டிருக்கிறார்கள். சீசன் முடிந்ததும் மனுவுக்குக் கண்டிப்பாக வருகிறேன்.

ஷானவாஸ்


மதுரை மத்திய சிறை
2 ஜனவரி 2025

தம்பி ஷானவாஸுக்கு சலாம்.

சுகம். வக்கீல் வந்தார். நாற்காலியை இழுத்துப் போடவில்லை, நின்றபடியே பேசிவிட்டுப் போனார்.

நல்ல கனம் என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் உன் கையில் இருந்திருக்கிறது. அதை நீ எழுதாமல் விட்டிருக்கலாம்.

சானியாவுக்கு எதுவும் தெரிய வேண்டாம். அவள் படிக்கட்டும். அந்த இரும்பை விற்றுத்தான் அவள் படிக்கிறாள் என்பது நம் மூன்று பேரோடு போகட்டும். மனுவுக்கு வர வேண்டாம்.

கிளட்ச் மாற்றியதாக எழுதியிருக்கிறாய், பல்சக்கரம் மாற்றியதாக எழுதியிருக்கிறாய். கேபிளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதை மாற்றியிருக்க மாட்டார்கள், அது சத்தம் போடுவதில்லையே. சத்தம் போட்டதை மட்டும் மாற்றியிருப்பார்கள். இறுகிய கேபிள் என்றைக்காவது ஒருநாள் உன்னை ஏமாற்றும். லீவர் நியூட்ரலில் நிற்கும், போட் போய்க்கொண்டே இருக்கும். அப்போது லீவரோடு மல்லுக்கட்டாதே. யாருக்கும் கையாட்டாதே. எஞ்சின் சாவியைத் திருப்பி அணை.

அன்றைக்கு என் போட்டில் சாவி கிடையாது. இரண்டு வயரை முறுக்கி விட்டிருந்தார்கள். சோதனைக்கு ஆள் வருவதற்குள் சாவி வந்துவிட்டது. அதையும் கோர்ட்டில் சொன்னேன்.

இப்போது அதில் சாவி இருக்கிறதா? எனக்கு எழுத வேண்டாம். நீ பார்த்துக்கொள்.

பக்கீர் முகம்மது